பாவி இருக்கிற நிலம்

ஓசூர் தாலுகா நிலத் தரகர் சத்திய சபையின் கட்டடத்துக்குள் பொய் சொல்லக் கூடாது. வாசல் சுவரில் நீல எழுத்தில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்படி எழுதிப் போட்டிருந்தார்கள். அதனால் சபையின் உறுப்பினர்கள் தங்கள் தொழிலை வெளியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சுவருக்கு முன்னால் வெங்கடப்பன் வந்து நின்றபோது அவனுடைய மாடுகள் அவனிடம் இல்லை.

வெங்கடப்பன் தொரப்பள்ளிக்காரன். ஓசூர்ச் சந்தையிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் புளியும் ராகியும் ஏற்றிப்போகிற வண்டிக்காரன். ஒரு செவலைக் காளை, ஒரு மயிலைக் காளை. அவன் அப்பன் வைத்துவிட்டுப் போன வண்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் அந்தச் சாலையில் லாரிகள் பெருகின. வெங்கடப்பன் சூளகிரி ஏற்றத்தில் மாட்டை இளைப்பாற விட்டிருக்கும்போது, காலையில் அவனைத் தாண்டிப்போன லாரி சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வரும். டிரைவர் கையை வேறு ஆட்டிவிட்டுப் போவான். வியாபாரிகள் ஒவ்வொருவராக லாரிக்கு மாறினார்கள்.

அவன் மனைவி சென்னம்மா அடுத்தவர் வயலில் களை எடுப்பவள். "இத்தினி வருசம் ஊரான் ராகிக்குக் குனிஞ்சாச்சு. நம்முளுதுன்னு ஒரு துண்டு இருந்தா அதுல குனிஞ்சுட்டுப் போறேன்" என்பாள். இந்த ஆசை எப்படியோ தரகர் ராஜப்பன் காதுக்குப் போயிற்று. இப்படிப்பட்ட ஆசைகள் அவர் காதுக்குப் போகாமல் இருந்ததில்லை.

ராஜப்பன் வெள்ளைச் சட்டையும் குடையுமாக இருப்பார். தமிழில் கும்பிட்டு, தெலுங்கில் நலம் விசாரித்து, கன்னடத்தில் வாக்குக் கொடுப்பார். அவர்கள் இருவரையும் ராயக்கோட்டைச் சாலையில், சானமாவுக் காட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டிப்போய் ஒரு நிலத்தைக் காட்டினார். கறுப்பு மண். வரப்பில் மாமரங்கள். நடுவில் கல் கட்டிய கிணறு.

"பாத்துக்கோ, பாவி இருக்குது. பாவியில தண்ணி இருக்குது. எட்டிப் பாரு" என்றார் ராஜப்பன்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் பாவி என்றால் கிணறு. ஓசூர்ப் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் பேச்சோடு பேச்சாகப் பாவி என்றே சொல்வதுண்டு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சென்னம்மா எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் தண்ணீர் இருந்தது.

"காட்டோரம் ஆச்சே. ஆனை வராதுங்களா?" என்று கேட்டாள்.

"ஆனைக்கு இங்க என்னாம்மா வேலை? அதுக்கு வேற ஊரு இருக்குது."

"இந்த ஊரு மைசூரோட போவப் போவுதுன்னு பேசிக்கறாங்களே" என்றான் வெங்கடப்பன். மாநிலங்களின் எல்லையைத் திருத்துகிற பேச்சு அப்போது டீக்கடை வரை வந்திருந்தது.

"அதுதானப்பா இதுல விசேஷம்! மைசூரோட போயிட்டா மெட்ராசுக்கு வரி கட்ட வாணாம். மெட்ராசோட இருந்துட்டா மைசூருக்கு வரி கட்ட வாணாம். எப்படி விழுந்தாலும் உனக்கு லாபம். பெங்களூர்ல ஃபாக்டரிக்கு எடம் பத்தாம எல்லாம் இந்தப் பக்கம் வரப்போவுது. நாளைக்கு ஒரு தொரை வந்து உன் வாசல்ல நிப்பான்."

முன்பணமாக ரொக்கம் வேண்டாம் என்று ராஜப்பன் பெருந்தன்மையாகச் சொன்னார். மாட்டையும் வண்டியையும் கொடுத்தால் போதும், பாக்கியை மகசூல் எடுத்து எடுத்துக் கட்டலாம், அதன்பிறகு கிரயம்.

"மாட்டைக் குடுத்துட்டு எதை வெச்சு உழுவறது?" என்றாள் சென்னம்மா.

"நெலம் இல்லாம மாட்டை வெச்சுக்கிட்டு எதை உழுவப்போற?" என்றார் ராஜப்பன்.

வெங்கடப்பனுக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தான். ராஜப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார். செவலை கொஞ்ச தூரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

மழை விழுந்ததும் இருவரும் பக்கத்து வீட்டு ஏரையும் மாட்டையும் இரவல் வாங்கிக்கொண்டு, தேங்காய் கற்பூரத்தோடு அந்த நிலத்துக்குப் போனார்கள். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு நிமிர்ந்தால், வரப்பில் ஒரு பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வருத்தமாக நின்றிருந்தார். நிலத்துக்காரர் நூர் முகமது. கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருப்பவர்.

"நீங்களுமாம்மா?" என்றார்.

"என்னா நாங்களும்?"

"இந்த நெலத்த வாங்கினவங்க. அந்தத் தரகரு ஆளுங்களக் கூட்டியாந்து என் கெணத்துல எட்டிப் பாக்க வெச்சிட்டுப் போவாரு. ஊரெல்லாம் தண்ணிக் கஷ்டம், ஆசையாப் பாக்கறாங்கன்னு நெனச்சு நானும் சொம்புல மொண்டு குடுப்பேன். அந்த மனுசனுக்கு மோரு வேற குடுத்திருக்கேன்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "இத நான் விக்கல தாயி. விக்கவும் மாட்டேன்" என்றார்.

சென்னம்மா ஏரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. வெங்கடப்பன் எரிகிற கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அணைந்ததும் கேட்டான்: "அப்ப எங்க நெலம் எது பாய்?"

ஊர் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணத்திடம் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். அவர் சர்வே நம்பரைப் பார்த்துவிட்டுக் காட்டைப் பார்த்துக் கை நீட்டினார். நூர் முகமதுவும் கூட வந்தார். போய்ப் பார்த்தால் ஒரு பாறை. தட்டையான, பரந்த, பெரிய பாறை. மூன்று பக்கமும் காடு. ஏர் முனை இறங்க ஒரு சாண் மண் இல்லை. பாறை நடுவில் கூடை கூடையாக யானைச் சாணம் கிடந்தது. சென்னம்மா குனிந்து பார்த்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது.

ராஜப்பனைச் சந்தைக்கு வெளியே பிடித்தார்கள். அவர்கள் வண்டியில்தான் வந்துகொண்டிருந்தார். மாடுகளின் கொம்புக்கு வர்ணம் அடித்திருந்தார்.

"காட்டுனது ஒரு நெலம், எழுதிக் குடுத்தது ஒரு நெலமா?" என்று கேட்டான் வெங்கடப்பன்.

"ஜவுளிக் கடையில விரிச்சுக் காட்டற சேலையவா மடிச்சுக் குடுக்கறான்? உள்ளாரயிருந்து வேற எடுத்துக் குடுக்கறான். அப்படித்தான் இது. நெலம்னா எப்படி இருக்கோணும்னு உனக்கு ஒரு மாதிரி காட்டினேன். அதுக்கே நீ எனக்குத் தனியாக் குடுக்கோணும்."

"எங்க மாட்டைக் குடுத்துடுங்க. நெலம் வாணாம்" என்றாள் சென்னம்மா.

ராஜப்பன் முகம் சட்டென்று பக்திமயமாயிற்று. "என்னை நம்பலைன்னா சபையில சொல்லுங்க. உண்மைக்குன்னே இருக்கற சபை. அங்க யாரும் பொய் சொல்ல முடியாது."

அப்படித்தான் அவர்கள் அந்த நீல எழுத்துச் சுவருக்கு வந்து சேர்ந்தார்கள். சாட்சிக்கு நூர் முகமதுவும் வந்தார்.

விசாரணை சத்திய வணக்கத்தோடு தொடங்கியது. தரகர்கள் அனைவரும் கண்களை மூடி, வலது கையை நெஞ்சில் வைத்து, உண்மைத் தாயை நீண்ட நேரம் பாடினார்கள். பாட்டு நடக்கும்போதே ராஜப்பன் ஒரு கண்ணைத் திறந்து தம் குடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அங்கே கூடியிருந்தவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு புகார் சொன்னவர்களை நிற்கவைத்தார்கள். புகார் சொல்லப்பட்டவருக்கு நாற்காலி போட்டார்கள். மனம் புண்பட்டவர் களைப்படையக் கூடாது என்பது சபையின் விதியாம்.

தலைவர் சரிகைத் தலைப்பாகை கட்டியிருந்தார். மேடைத் தமிழ் தவிர வேறு பேசமாட்டார்.

"முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். சொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் பொய் எந்த மொழியில் சொல்லப்பட்டது?"

வெங்கடப்பன் விழித்தான். "கலந்து சொன்னாருங்க சாமி. பாவி இருக்குதுன்னாரு."

"கவனியுங்கள். புகார்க்காரர் எந்த மொழியில் புகார் செய்கிறார்?"

"தமிழில், ஐயா" என்றார் காரியதரிசி கோவிந்தன்.

"தமிழில் புகார் என்றால் தமிழில்தான் பொருள் கொள்ள வேண்டும். தமிழில் பாவி என்றால் யார்?"

"பாவம் செய்தவன், ஐயா."

"ஆகவே, அந்த நிலத்தில் ஒரு பாவி இருப்பதாக மட்டுமே நமது உறுப்பினர் வாக்களித்திருக்கிறார். வெங்கடப்பா, நீ அந்தப் பாறைக்குப் போனாயா?"

"போனேன் சாமி."

"உன் கூட யார் இருந்தார்கள்?"

"என் சம்சாரம். அப்பறம் பாயி."

"அப்பன் தேடிவைத்த மாட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு, பெண்டாட்டியைக் கட்டாந்தரையில் நிறுத்தினவன் பாவியா, புண்ணியவானா?"

வெங்கடப்பன் தலை குனிந்தான். இந்தக் கேள்வியை அவன் பல நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான். "பாவிதான் சாமி" என்றான்.

"எழுதிக்கொள்ளுங்கள். நிலத்தில் பாவி இருந்தான். வாக்கு நிறைவேறியது."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். சென்னம்மா முன்னால் வந்தாள். "பாவியில தண்ணி இருக்குதுன்னும்தான சொன்னாரு?"

தலைவர் வெங்கடப்பனை உற்றுப் பார்த்தார். "அவன் கண்களைப் பாருங்கள்" என்றார். "தண்ணீர் இருக்கிறது."

கூடம் கைதட்டிற்று. வெங்கடப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சென்னம்மா கைதட்டினவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முகங்களை மனசில் வாங்கி வைத்துக்கொள்கிறவள் போல.

அடுத்து நூர் முகமது நடந்ததைச் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவரையே கண்டித்தார். "நிரம்பிய கிணற்றைச் சாலையிலிருந்து தெரியும்படி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தண்ணீரும் கொடுத்து, ஏழை மக்கள் மனத்தில் வீண் ஆசையை வளர்த்திருக்கிறீர். இது மோசடிக்கு உடந்தை."

"கெணத்தை நான் எங்கய்யா ஒளிச்சு வெக்கறது?"

"அது உம்முடைய பொறுப்பு."

யானை விவகாரம் மிச்சம் இருந்தது. யானை வருகிறது என்று புகார். வராது என்று ராஜப்பன். யானையையே நேரில் விசாரித்துவிடுவது என்று சபை முடிவு செய்தது. சபையின் ஆண்டு மாநாட்டை அந்தப் பாறையிலேயே நடத்துவது. அங்கே தீர்ப்பு வழங்குவது. பொதுமக்கள் அனைவரையும் தண்டோரா போட்டு அழைப்பது.

எழுந்திருக்கும்போது தலைவர், "இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சபையில் ஒளிவு மறைவு கிடையாது. அந்தப் பாறை என்னுடையது. ராஜப்பன் எனக்காகத்தான் விற்றார். நிலத்தின் குணம் நிலத்துக்காரனுக்குத்தானே தெரியும்? என்னை விடப் பொருத்தமான நீதிபதி யார்?" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் வெங்கடப்பன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். "போவலாம் சென்னி. இவுங்ககிட்ட நம்மளால ஆவாது."

"என் மாடு அங்க கட்டிக் கெடக்குது. நான் எங்க போறது?" என்றாள் அவள். சபை வாசலில் அந்த வண்டி நின்றிருந்தது. செவலை அவள் குரலைக் கேட்டுக் காதை ஆட்டியது.

நூர் முகமது தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவு கோபமாக அவரை அவர்கள் பார்த்ததில்லை. "தாயி, என் கெணத்துல எட்டிப் பாத்தவங்க மூஞ்சி எனக்கு மறக்காது. நீங்க வந்தன்னிக்கு நான் இல்ல, மத்தவங்க எல்லாரும் என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சவங்க. எந்த ஊருன்னு கேட்டுட்டுத்தான் குடுப்பேன். தண்டோரா போடறேங்கறாங்க இல்ல? போடட்டும். சத்தம் கேக்காத ஊருக்கு நான் போயிச் சொல்றேன்."

சொன்னபடி போனார். சந்தை சந்தையாக, சாமல்பட்டி வரைக்கும் பஸ் ஏறிப் போனார். மண்டியை மகனிடம் விட்டுவிட்டார்.

மாநாட்டன்று பாறைமேல் பந்தல் போட்டிருந்தார்கள். ஜமக்காளம் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, நாற்காலிகள் போட்டு, தலைவருக்குப் பட்டுக்குடை பிடித்திருந்தார்கள். யானைச் சாணத்தைக் கூட்டி அள்ளி, இருந்த இடத்தில் கோலம் போட்டிருந்தார்கள். தலைவர் வெங்கடப்பனின் வண்டியில்தான் வந்து இறங்கினார்.

வெயில் ஏறிய பிறகு காரியதரிசி கோவிந்தன் காட்டைப் பார்த்து நின்று மூன்று முறை கூவினார்: "யானை! யானை! யானை!"

காட்டில் ஒரு குருவி பறந்தது.

"யானை ஆஜராகவில்லை. ஆகவே யானை இல்லை" என்றார் தலைவர். "பாவி உண்டு, தண்ணீர் உண்டு, யானை இல்லை. ஒப்பந்தத்தில் குறையில்லாதபோது நிலத்தை வேண்டாம் என்று சொன்ன வெங்கடப்பனே ஒப்பந்தத்தை முறித்தவன். மாடும் வண்டியும் அவனுக்குத் திரும்பாது."

கூட்டம் எதிர்பார்த்ததை விடப் பெரிதாக இருந்தது. அதைக் கண்டு தலைவருக்குப் பேச்சு பொங்கிற்று. "பெருமக்களே! எங்களைப் பொய்யர்கள் என்கிறார்கள். நாங்கள் நிலத்தையா விற்கிறோம்? நிலம் யாரிடம் நிலைத்தது? நாங்கள் விற்பது ஆசையை! ஆசையில் பாறை உண்டா? ஆசைக்கு எல்லைத் தகராறு உண்டா? வாங்குகிறவன் நம்ப வேண்டும். எல்லோரும் விசாரித்து வாங்கத் தொடங்கிவிட்டால், தரகர்களின் பெண்டு பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள்?"

கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்தான். சாமல்பட்டி கரியப்பன், நெசவுக்காரன். "சாமி, இது யாரு நெலம்?"

"வெங்கடப்பன் ஒப்பந்தம் செய்து கைவிட்ட நிலம்."

"எனக்குத்தான எழுதிக் குடுத்தீங்க? கர்ணம் இந்த எடத்தத்தான கைகாட்டினாரு?"

"எனக்கும் இதேதான்" என்று ஒரு குரல். "எனக்கும்" என்று இன்னொன்று. பந்தலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கைகள் எழுந்தன. எல்லாக் கையிலும் காகிதம். நூர் முகமது பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

தலைவர் தளரவில்லை. "பார்த்தீர்களா! ஒரே நிலத்தை இத்தனை பேர் விரும்பியிருக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட நிலமாக இருக்க வேண்டும்!"

உறுப்பினர்கள் வழக்கம்போலக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் நடக்கும்போதே சென்னம்மா எழுந்து வண்டியிடம் போனாள். செவலையின் கழுத்தைத் தடவி, நுகத்தடிக் கயிற்றைச் சரிபார்த்து, மாடுகளை வண்டியில் பூட்டத் தொடங்கினாள்.

"ஏய்! அது சபை சொத்து!" என்று ராஜப்பன் ஓடி வந்தார்.

"கை வெச்சுப் பாரு" என்றாள் சென்னம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. ராஜப்பன் நின்றுவிட்டார். வெங்கடப்பன் எழுந்து வந்து மறுபக்கம் மயிலையைப் பூட்டினான்.

"போலீசைக் கூப்புடுவேன்!"

"கூப்புடுங்க" என்றார் நூர் முகமது. "நாங்களே கூப்புடலாம்னு இருந்தோம். எல்லாரும் காகிதத்தோடதான் வந்திருக்கறோம்."

ராஜப்பன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

அப்போது கரியப்பன் மேடையருகே வந்து, "இந்த ஜமக்காளம் நான் நெய்ஞ்சது. முன்பணமாக் குடுத்தது. கொஞ்சம் காலைத் தூக்குங்க சாமி" என்றான். தலைவர் பேச்சை நிறுத்தாமல் காலைத் தூக்கினார். குத்துவிளக்குக்கு ஒருவன் வந்தான். எரிகிற திரியை ஊதி அணைத்துவிட்டு எண்ணெயோடு எடுத்துப் போனான். நாற்காலிகள் ஒரு தச்சனுடையவை. உட்கார்ந்திருந்த தரகர்களை அவன் ஒவ்வொருவராக எழுப்பினான். பட்டுக்குடை ஒரு கோயில் குருக்களுடையது. பந்தல் மூங்கிலைக்கூட அவிழ்த்துக்கொண்டு போனார்கள். உண்மையே இறுதியில் வெல்லும் என்று தலைவர் சொல்லி முடித்தபோது, அவர் வெயிலில் வெறும் பாறையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லோருக்கும் எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்தது. ஒரு கிழவிக்கு மட்டும் இல்லை. சந்தையில் உப்பு விற்கிற பாப்பம்மா. அவள் காதில் கம்மல் இருந்த ஓட்டைகளில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. அவள் பாறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ராஜப்பனிடம் வந்தாள்.

"என் கம்மலு எங்கய்யா?"

"அதை அப்பவே உருக்கியாச்சு."

"உருக்கிட்டியா?" என்றாள். பிறகு தலைவர் முன்னால் போய் நின்றாள்.

"எந்திரி."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, ஒப்பந்தத்தின்படி…"

"ஒப்பந்தத்துலதான எனக்கு எழுதிக் குடுத்த? இது என் நெலம். என் நெலத்துல உனக்கு என்னா வேலை? எந்திரிச்சுப் போ."

"என் நெலமும்தான். போ" என்றான் கரியப்பன். தச்சன் சொன்னான். குருக்கள் சொன்னார். வெங்கடப்பன் வண்டியில் நின்றபடி, தொண்டை கிழிய, "எறங்கு சாமி, எங்க நெலத்த விட்டு எறங்கு!" என்றான். தலைவர் உறுப்பினர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஏற்கெனவே பாதி வழி இறங்கியிருந்தார்கள். அவர் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சூடான பாறையில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்து நடந்தார்.

பாப்பம்மா அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"வண்டியில ஏறிக்க ஆயா. ஊருல விட்டுட்டுப் போறோம்" என்றாள் சென்னம்மா.

"நீங்க முன்ன போங்கம்மா" என்றாள் பாப்பம்மா, காட்டைப் பார்த்தபடி. "நான் என் நெலத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்."